இடது கதவின் வாசற்படி

கோதுமை அவிகிற மணம் வந்தால் நான் வேறு ஒழுங்கையால் போய்விடுவேன்.

கபோ சந்தைக்குள் அது எளிதில்லை. மார்கழியில் கண்ணுக்குக் காவலான புனிதையின் நாள் வரும். அன்றைக்கு இத்தாலியின் இந்தத் தீவு நகரமான பலெர்மோவில் மாவில் செய்த எதையும் தொடமாட்டார்கள். பாணும் பஸ்தாவும் இல்லை. முழுக் கோதுமையை ஊறப்போட்டு, அவித்து, இனிப்பான ரிக்கோத்தாப் பாற்கட்டியில் குழைத்து, மேலே கறுவாத்தூள் தூவிக் கிண்ணத்தில் தருவார்கள். குச்சியா என்று பேர். மீன்காரன் கூவுகிற மூலையில், கத்தரிக்காய் பொரிக்கிற புகைக்குள்ளே, அந்த வெள்ளை ஆவி எழும்பும். ஒருகாலத்தில் வரிசையில் முதல் ஆளாக நின்று வாங்கித் தின்றவள் நான். இப்போது அது மூக்கில் ஏறியதும் கால் தானாகத் திரும்பிவிடும். நிற்கக்கூடாது. நின்றால் அழுகை வரும். ஆகவே நடை, இன்னும் நடை, தக்காளிப் பெட்டிகளுக்கு மேலால் கால் தூக்கி, எவருடைய முதுகையோ இடித்து, மன்னிப்புக் கேட்டு, நடை.

அக்கா என்று நான் கூப்பிட்டது என்னுடைய கூடப்பிறந்தவளை அல்ல. அவ மன்னார். நான் யாழ்ப்பாணம். அவ கத்தோலிக்க வேதம், நான் சைவம். நகரத்தில் அவ ஒரேத்தோப் பக்கம் ஒரு அறையில், நான் கபோவில் ஒரு அறையில். ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய வீட்டுக்காரம்மாவின், வீட்டில் அவ சமைக்க, நான் துடைக்க, அங்கேதான் பழக்கமானது. அந்த சிஞ்ஞோராவின் தம்பி மலைக்கு மேலே ஒரு கிராமத்தில் கோயில் பார்க்கிற குருவானவர். கிராமத்துச் சனம் அவரை பாப்பாஸ் என்று கூப்பிடும். கோயிலைக் கூட்டித் துடைக்க ஊரில் ஆள் இல்லை, இளசுகள் எல்லாம் மிலானோவுக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்டன, கிழவிகளுக்கு முழங்கால் ஏலாது. சனிக்கிழமைகளில் நீங்கள் இரண்டு பேரும் போவீர்களா என்று சிஞ்ஞோரா கேட்டா.

"போவம்" என்று அக்கா எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டா. "ஆற்ரையோ கக்கூசைக் கழுவுற கை, ஆண்டவற்ர வீட்டைக் கழுவினா என்ன?"

ரயில் நிலையத்தடியில் பஸ் ஏறினால், நகரம் முடிந்து, எலுமிச்சந்தோட்டம் முடிந்து, பிறகு வளைவு வளைவாகக் கல்மலை. அக்கா ஜன்னல்பக்கம் இருந்து செபமாலை சொல்லுவா. வளைவில் பஸ் சாய்கிறபோது மட்டும் இடையில் நிறுத்தி, "எடியே, சாரதி தூங்குறானோ பார்" என்பா.

முதல்நாள் கோயிலைக் கண்டதும் எங்களுக்கு வாசல் பிடிபடவில்லை. ஊரின் சதுக்கத்துக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அரைவட்டமாகப் புடைத்த கல்முதுகு, அதில் ஒரு சின்ன ஜன்னல். சுற்றிக்கொண்டு பின்னால் ஒரு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் போனால்தான் கதவு. ஏன் இப்படி என்று பாப்பாஸைக் கேட்டோம். பீடம் கிழக்கே இருக்கவேண்டும், அதனால் வாசல் மேற்கே போனது, சதுக்கம் பிறகு வந்தது, என்றார். இவர்களுடைய முன்னோர் அல்பேனியாவிலிருந்து வந்தவர்களாம். துருக்கிப் படை ஊரைப் பிடிக்கப் பிடிக்க, கடற்கரையில் கிடைத்த படகில் ஏறி, இந்தத் தீவில் இறங்கி, வேறொருவரும் விரும்பாத இந்தக் கல்மேட்டைப் பயிர்செய்ய வாங்கியவர்கள். சில நூறு வருசம் போய்விட்டது. இன்றைக்கும் வீட்டில் அந்தப் பாஷை, கோயிலில் கிரேக்கம். ஓர்த்தொடொக்ஸ் முறைக் கும்பிடு. பாப்பரசரைத் தலைவராக ஏற்றுக்கொண்டாலும் கும்பிடுகிற முறையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சிலுவை போடுகிறபோது கை வலத்தோளுக்கு முதலில் போகும், பிறகு இடத்தோள். அக்காவுக்கு அது பழகவே இல்லை. கடைசிவரை அவவின் கை இடத்துக்குத்தான் முதலில் போனது.

குருவானவருக்கு மனைவி உண்டு, பிள்ளைகள் உண்டு. அவருடைய கறுப்பு அங்கி மாடிக்கொடியில் பிள்ளைகளின் உதைபந்துச் சட்டைகளோடு காயும். அக்கா அதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "சுவாமிக்குப் பெண்சாதியடி! மன்னாரில இதைச் சொன்னா எனக்குப் பைத்தியம் எண்டுவாங்கள்."

கோயிலை முதலில் கட்டியவர்கள் கொத்தனார்கள் அல்ல. ஆட்டுப்பட்டிக்குச் சுவர் வைக்கத் தெரிந்தவர்கள். அதனால் சுவர் அகலம், ஜன்னல் சின்னன். நான்கு தூண்களில் ஒன்றுகூட மற்றதுக்குப் பொருந்தாது; எங்கெங்கோ இடிந்து கிடந்ததைத் தூக்கிவந்து நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு மேலே குவிமாடம். பிந்தி வந்த ஒரு தலைமுறைக்கு பலெர்மோக் கோயில்களைப் பார்த்து ஆசை வந்து, சாந்தால் தேவதூதர்களும் மேகங்களும் செய்து சுவரெல்லாம் ஒட்டினார்களாம். அதற்குப் பிந்தியவர்கள் வெட்கப்பட்டு எல்லாவற்றையும் உடைத்தெடுத்து, பழையபடி மரத்தாலான மறைப்பை நிறுத்தினார்கள். வடக்குச் சுவரில் ஒரு தேவதூதரின் பாதம் மட்டும் தப்பிவிட்டது. காலில்லாத கால்விரல்கள். அக்கா ஏணியில் ஏறி அதைத் தூசி தட்டுவா. "நடந்து நடந்து தேய்ஞ்சு போச்சு பாவம். எங்கட ஆக்களின்ர கால் மாதிரி."

சிலை ஒன்றும் கிடையாது. எல்லாம் பலகையில் எழுதிய முகங்கள். பெரிய கண்கள், சின்ன வாய். குவிமாடத்தின் உள்ளே இருக்கிற கிறிஸ்து எந்த மூலையில் நின்று கூட்டினாலும் எங்களையே பார்ப்பார். "உவர் சிசிடிவி" என்று அக்கா பேர் வைத்தா.

அந்த மரமறைப்பைத்தான் நான் சொல்லவேண்டும். கோயிலைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கிற மரச்சுவர் அது. அதில் மூன்று கதவுகள். நடுக்கதவு பெரியது, அதால் பாப்பாஸ் மட்டும் போய்வருவார். வலதில் ஒன்று, இடதில் ஒன்று. அதற்கு அப்பால்தான் பீடம். அப்பாலே பெண்கள் போவதில்லை. ஆகவே உள்ளே பாப்பாஸ் தானே கூட்டுவார். கூட்டிக் கூட்டி இடது கதவின் வாசற்படி வரைக்கும் தூசியைக் கொண்டுவந்து விடுவார். அதிலிருந்து எங்களுடையது. சனிக்கிழமைதோறும் அந்தப் படியில் நாங்கள் தும்புத்தடியோடு காத்துநிற்போம், அவர் உள்ளிருந்து தள்ளுவார், அக்கா வாங்குவா. மெழுகுத்துளி, சாம்பிராணிக்கரி, பாண்துகள்.

"சுவாமி, மூலையை விட்டிட்டியள்" என்று அக்கா தமிழிலேயே சொல்லுவா. அவருக்கு எப்படியோ விளங்கும். திரும்பிப் போய் மூலையைக் கூட்டுவார்.

அக்காவின் மனுசனைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் ஆமியால் ஒரு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர். ஜன்னலால் கை காட்டினவராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை, ஒரு எலும்பும் இல்லை. அவரை ஒருவரும் இறந்தவர்களோடு சேர்த்துவிடக் கூடாது. அக்கா இந்த ஒன்றுக்காகத்தான் காவல் இருந்தா. கழுத்தில் தாலி. பேச்சில் எப்போதும் நிகழ்காலம்: அவருக்கு மீன்தலை விருப்பம், அவர் கோபக்காரர், அவர் குறட்டை விடுவார். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோருக்கு நான்தான் கூடப்போவேன். கண்ணாடிக்குப் பின்னாலிருக்கிறவன் தலையைத் தூக்காமலே "வேதோவா?" என்பான். விதவையா என்று அர்த்தம். அக்கா கண்ணாடியில் விரலால் தட்டி அவன் நிமிரும்வரை காத்திருந்து சொல்லுவா: "ஸ்போசாத்தா." கலியாணம் செய்தவள். பிறகு வெளியே வந்து நின்றபடியே ஒரு கோப்பி குடிப்பா.

மன்னாரில் நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தவர்களின் நாள் என்று, எல்லாரும் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். பலெர்மோவிலும் அந்த நாள் பெரிய நாள்தான். அக்கா அன்றைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டா. கதவைச் சாத்திக்கொண்டு உடுப்புத் தோய்ப்பா.

மாசிமாதத்துச் சனிக்கிழமை ஒன்று. குளிர். வழக்கம்போலக் கூட்டப் போனோம். போனால் கோயில் நிறையச் சனம். மறைப்புக்கு முன்னால் ஒரு நீட்டு மேசை, வெள்ளைத் துணி, அதில் தட்டுத் தட்டாக அவித்த கோதுமை. சீனி தூவி, மாதுளம்முத்தால் சிலுவை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுதிரி. சாம்பிராணிக் கலசம் ஆடுகிறபோது அதில் கோத்த சின்ன மணிகள் சதங்கைபோலக் குலுங்கின.

"குச்சியா!" என்றா அக்கா. அவவின் முகத்தைப் பார்க்கவேண்டும். "இவை மாசியில குடுக்கினம் போல. கலண்டர் வேறதானே."

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஆட்களுக்கு இறந்தவர்களுக்கென்றால் எள்ளும் அரிசியும். கோதுமை பாயாசத்துக்கு. பலெர்மோ சொல்லித்தந்ததும் அதைத்தான்: கோதுமை என்றால் திருநாள், கண்சுகம், இனிப்பு.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவி எங்களுக்கு இடம்விட்டு, ஒரு தட்டை அக்காவின் கையில் வைத்து, காதுக்குள் ஏதோ கேட்டா. பேர் ஒன்று கேட்கிறா, நேர்த்திக்குப்போல, என்று நான் சொன்னேன். அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. மனுசனின் பேரைச் சொன்னா. முழுப்பேர், தகப்பன் பேரோடு. கிழவி முன்னாலே போய் பாப்பாஸிடம் சொன்னா.

பாட்டு தொடங்கியது. கவிதை எழுதுகிற எனக்கும் அதை எழுதத் தெரியவில்லை. பேர்கள், பேர்கள், ஒவ்வொரு பேரும் அந்தக் குரல்களில் ஏறி இறங்கி, குவிமாடத்தில் முட்டி, திரும்ப எங்கள்மேல் விழுந்தது. அந்த அந்நியப் பேர்களுக்கு நடுவே, நாக்குத் தடுமாறி, தமிழ்ப்பேர் ஒன்று. அக்கா என் கையைப் பிடித்தா. நகம் பதிந்தது.

"கேட்டனியே? அவற்ர பேரைப் பாடினவர். இந்த நாட்டில முதன்முதலா அவற்ர பேரை ஒருத்தர் சத்தமாச் சொன்னவர்."

பிறகு சாப்பிட்டோம். அவ இரண்டு தரம் வாங்கினா. மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்தா, ஒரேத்தோவில் கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு. சனம் கலைந்து, நாங்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடிக்கிறபோது பாப்பாஸின் மனைவி வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தா. கன்னத்தில் முத்தம் கொடுத்தா. "இத்தனை நாள் எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே" என்றா இத்தாலியனில். "இன்றைக்கு இறந்தவர்களின் சனிக்கிழமை. உங்கள் கணவரும் இனி எங்கள் இறந்தவர்களோடு. ஒவ்வொரு வருசமும் பாடுவோம்."

அவ சொன்னது மோர்த்தி, இறந்தவர்கள். அந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

அக்கா வாளியைக் கீழே வைத்தா. நடந்து முற்றத்துக்குப் போனா. குழாயடியில் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டா. நான் ஓடிப்போய் முதுகைப் பிடித்தேன். திரும்பத் திரும்ப விட்டா. எச்சிலும் கண்ணீரும் வந்தது, கோதுமை வரவில்லை. "வா" என்றா, வயிற்றுக்குள் கிடந்த கோதுமையிடம், "வாவன், வெளியில வா." வரவில்லை.

பிறகு முகத்தைக் கழுவி, சீலைத்தலைப்பால் துடைத்துக்கொண்டு நேரே பாப்பாஸிடம் போனா. அவர் அங்கி மாற்றிக்கொண்டு நின்றார்.

"வீவோ" என்றா. உயிரோடு. "என்ர மனுசன் வீவோ. சொல்லடி இவருக்கு. அந்தப் பேரைத் திருப்பி எடுக்கச் சொல்லு."

நான் சொன்னேன். பாப்பாஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதர், தாடியெல்லாம் நரை. "அவர் உயிரோடு இருப்பது தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "இறந்தது தெரியுமா?" தெரியாது என்றேன். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "பாடியதைத் திருப்பிப் பாட எங்களுக்கு ஒரு முறையும் இல்லை. ஆனால் நாளைக் காலை பூசைக்கு அப்பம் வெட்டுகிறபோதும் பேர் சொல்வோம். நாளைக்கு வாருங்கள்."

அக்கா பஸ் ஏற மறுத்துவிட்டா. பாப்பாஸின் மனைவி எங்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தா. தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக அழுததில் அவவின் கண்கள் வீங்கியிருந்தன. பின்னேரம் கோயிலுக்கான பாணுக்கு அவ மா குழைத்தபோது, அக்கா போய் அவவின் கையிலிருந்து மாவை வாங்கினா. குழைத்தா. ரொட்டிக்கு அடிக்கிறமாதிரிக் கைமடக்கால் ஓங்கி ஓங்கிக் குழைத்தா. மேலே சிலுவையும் எழுத்தும் வெட்டிய மர அச்சை அழுத்தினார்கள். இரண்டு பெண்களும் போறணை அடுப்புக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், பாஷை இல்லாமல்.

ஞாயிறு விடிய, சனம் வருமுன்னே, பாப்பாஸ் எங்களை இடது கதவடிக்குக் கூப்பிட்டார். கதவைத் திறந்து வைத்தார். உள்ளே, படிக்கு மிகப் பக்கத்தில், சுவரில் ஒரு மாடக்குழி, அதில் சின்ன மேசை. எத்தனையோ சனிக்கிழமை அதன் தூசியை வாங்கியிருக்கிறோம். அங்கே என்ன நடக்கிறதென்று தெரியாது. அக்கா குழைத்த பாண் அங்கே இருந்தது. ஈட்டிபோன்ற சின்னக் கத்தியால் நடுவே ஒரு சதுரத்தை வெட்டித் தட்டில் வைத்தார். அது கிறிஸ்துவுக்கு. பிறகு துகள் துகளாகக் கிள்ளினார்.

"இந்த மேல்வரிசை உயிரோடு இருப்பவர்களுக்கு. ஒருவருக்கு ஒரு துகள். இந்தக் கீழ்வரிசை இறந்தவர்களுக்கு." கத்திமுனையில் ஒன்றை எடுத்து உயர்த்திப் பிடித்தார். "இது உங்கள் கணவருக்கு. எங்கே வைக்க?"

"மேலயோ கீழயோ எண்டு கேக்கிறார்" என்றேன்.

அக்கா வந்தது மேலே என்று சொல்லத்தான். முதல்நாள் வீவோ, வீவோ என்று நின்றதும் அதற்குத்தான். குவெஸ்தூராவில் கண்ணாடியில் தட்டித் தட்டிச் சொன்னதும் அதைத்தான். நான் அவவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு பிரிந்தது. ஒன்றும் வரவில்லை. மேல்வரிசையில் இந்த ஊர்ப் பிள்ளைகள், சமைக்கிறவர்கள், சண்டைபிடிக்கிறவர்கள், நாளைக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவ அந்தத் துகள்களைப் பார்த்தா. கீழ்வரிசையைப் பார்த்தா. திரும்ப மேலே. மேற்குக் கதவு திறந்து சனம் நுழைகிற சத்தம் கேட்டது. பாப்பாஸ் துகளைக் கத்திமுனையில் பிடித்தபடியே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கையிலயே வைச்சிருக்கச் சொல்லு" என்றா அக்கா, மெதுவாக.

நான் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஏலாது என்பதாகவோ ஓம் என்பதாகவோ. மணி அடித்தது. அவர் கதவைச் சாத்தினார்.

பூசை முடிந்து அவர் அந்தக் கதவாலேயே வெளியே வந்தார். முழு அங்கியோடு, தங்கநூல் வேலைப்பாட்டோடு, எங்களுக்கு முன்னால் குனிந்துநின்றார். "விழுந்துவிட்டது" என்றார். "கத்தியிலிருந்து விழுந்துவிட்டது. தரையில் தேடினேன். கிடைக்கவில்லை. பூசை நேரம் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

நான் மொழிபெயர்க்கப் பயந்தேன். மொழிபெயர்த்தேன். அக்கா சிரித்தா. இரண்டு நாளில் முதல் சிரிப்பு.

"விழட்டும் சுவாமி. எங்கையாவது கிடக்கும்தானே."

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் வந்தோம். ஆனால் அவர் தூசியைத் தள்ளிக்கொண்டுவருகிற நேரம், அக்கா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் குந்தியிருந்து கையால் அளைவா. மெழுகுத்துளியை ஒருபக்கம், கரியை ஒருபக்கம். பாண்துகள் கண்டால் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பா. வைத்திருப்பாவோ போடுவாவோ, நான் கேட்கவில்லை. பகிடி குறைந்துபோனது. தேவதூதரின் பாதத்துக்கு நான் ஏறித் தூசி தட்டினேன்.

சித்திரை கழிய ஒருநாள் பஸ்ஸில், செபமாலையை நிறுத்திவிட்டுச் சொன்னா: "நான் மன்னாருக்குப் போறன், பிள்ளை. ஒரேயடியா."

"பெர்மெஸ்ஸோ போயிடும் அக்கா. திரும்பி வரேலாது."

"தெரியும்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"வீடு இருக்கு. பூட்டிக் கிடக்கு. பேரைப் பாடியாச்சடி. அது எங்கையெல்லாம் கேட்டிருக்குமோ. அவர் வந்து பாத்து, வீடும் பூட்டிக் கிடந்தா, நானும் சரியெண்டு விட்டிட்டன் எண்டெல்லோ நினைப்பார். கதவு திறந்து கிடக்கவேணும்."

"அக்கா, நீங்கள் அண்டைக்குச் சொல்லேல்லையே. மேல எண்டு."

"கீழ எண்டும் சொல்லேல்லையே" என்றா. பிறகு செபமாலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினா.

சிஞ்ஞோரா அழுது பார்த்தா. கீழ்வீட்டுக்காரர், அவர்களுடைய பிள்ளைகள், எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். நான் சொல்லிப் பார்த்தேன், பிறகு பேசாமல் இருந்து பார்த்தேன், பிறகு கத்தினேன். ஒரு மத்தியானம், ரயில் நிலையத்தடியில், விமானநிலையத்துக்குப் போகிற பஸ்ஸுக்கு நின்றோம். மலைக்கு ஏறுகிற பஸ்ஸும் அதே கரையில்தான் நிற்கும். பெட்டியைப் பிளாஸ்டிக்கால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தா. பாப்பாஸின் மனைவி ஒரு பாண் கொடுத்தனுப்பியிருந்தா, அச்சுப்பதித்தது, அது கைப்பைக்குள்.

"வெயிலுக்கை நிக்காதை, தலையிடிக்கும்" என்றா. "சிஞ்ஞோராவின்ர உப்பைக் குறை, அவவுக்குப் பிரஷர். நீயும் ஒழுங்காச் சாப்பிடு. கவிதை எழுதுறன் எண்டு பட்டினி கிடக்காதை."

"எனக்கு ஆர் அக்கா இருக்கினம் இஞ்சை?"

அக்கா பெட்டியைக் கீழே வைத்தா. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தா. சாரதி பெட்டியைப் பஸ்ஸின் அடியறைக்குள் தள்ளிக் கதவை அடித்தான். அக்கா முதற்படியில் ஏறினா, திரும்பினா, பஸ் உறுமத் தொடங்கிவிட்டது, அதனால் கத்தித்தான் சொன்னா:

"எடியே, சனிக்கிழமையில அந்த இடது கதவடியை மட்டும் மெல்லமாக் கூட்டு, என்ன? மெல்லமா. அவர் அதிலை எங்கையோதான் கிடக்கிறார்."